இடது பக்கமே திரும்பும் வண்டிகள்

அமெரிக்காவுக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்கவோ அல்லது முறிக்கவோ போனேன். என் தங்கை சரஸ்வதி தெளிவாகவே சொல்லி அனுப்பியிருந்தாள். “அந்தத் தம்பி ரேஸ் ஓட்டறத நிறுத்தோணும். இல்லீன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு நேர்ல சொல்லீட்டு வந்துருங்கண்ணா. போன்ல சொன்னா கயலு அழுகறா. எனக்கு வாய் வரமாட்டேங்குது.”

கயல் என்கிற கயல்விழி அவளுடைய ஒரே மகள். நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறாள், மருந்துக் கம்பெனியில் வேலை. அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவள் அப்பா முருகேசன், என் மச்சான், பெருந்துறை ரோட்டில் பைக்கில் வரும்போது மணல் லாரி மோதி இறந்துபோனார். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் மோட்டார் சைக்கிள் எதுவும் நுழைந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்ன பையன், கலிபோர்னியாவில் சனிக்கிழமைதோறும் மண் மைதானத்தில் கார் ரேஸ் ஓட்டுகிறவனாக இருந்தான். பெயர் நவீன், கோபிச்செட்டிபாளையத்துப் பையன். சான்டா கிளாராவில் சாப்ட்வேர் வேலை. கயல் மூன்று மாதப் பயிற்சிக்கு அங்கே போயிருந்தபோது ஒரு பொங்கல் விழாவில் பழக்கமாகியிருக்கிறது.

நான் முப்பத்திரண்டு வருஷம் தாராபுரம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். தாய்மாமனும் நான்தான், வண்டி தெரிந்தவனும் நான்தான். ஆகவே என்னைப் பிளேன் ஏற்றிவிட்டார்கள்.

விமான நிலையத்துக்குக் கயல் காரில் வந்திருந்தாள். ஃப்ரீவேயில் வலது ஓரமாக, போர்டில் எழுதியிருந்த வேகத்துக்கு ஒரு மைல் கூடவோ குறையவோ இல்லாமல் ஓட்டினாள். பின்னால் வந்த எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு குப்பை லாரிகூடத் தாண்டிப் போனது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பிளெய்ன்ஸ்பரோ வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நாள் காலை நடக்கப் போய்விட்டுத் திரும்பும்போது வேறு யாரோ வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். திறந்தவர் தெலுங்குக்காரர். “உங்களைப் போல வாரத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்க, அங்கிள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் காபி கொடுத்து, கயல் வீடு வரை கூட வந்து விட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் இன்னொரு கூத்து. எடிசனில் இருக்கும் என் பழைய டெப்போ நண்பரின் மகனைப் பார்க்க, கயல் என்னைப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறக்கிவிட்டுவிட்டு ஆபீஸ் போனாள். நின்றுகொண்டிருந்த ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். சின்ன ரயில். ஐந்தே நிமிஷத்தில் நின்றது, எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். எடிசன் இவ்வளவு பக்கமா என்று நான் எட்டிப் பார்க்க, கண்டக்டர் சிரித்தார். அந்த ரயில் ஜங்ஷனுக்கும் பிரின்ஸ்டனுக்கும் மட்டும் போய் வருகிற ரயிலாம். நம் ஊர் மினி பஸ்ஸுக்காவது நாலு ஸ்டாப் இருக்கும். “உட்காருங்கள். திரும்பவும் அங்கேதான் போகிறோம், எங்களுக்கு வேறு ஊர் தெரியாது” என்றார் அவர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கயலிடம் கேட்டேன்.

“அந்தத் தம்பி ரேஸ் ஓட்டி நீ பாத்திருக்கறயா?”

“இல்லீங் மாமா. வீடியோகூடப் பாத்ததில்ல. சனிக்கிழமை ஓட்டி முடிச்சதும் ‘டன்’னு ஒரு மெசேஜ் அனுப்புவார். அது வர்ற வரைக்கும் நான் பாத்ரூம் கழுவுவேன், ஃப்ரிட்ஜ் கழுவுவேன். இந்த வீடு இவ்வளவு சுத்தமா இருக்கறதுக்கு அதுதான் காரணம்.”

“நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா உடனே நிறுத்திடுவார் மாமா. அதான் சொல்ல மாட்டேங்கறேன்.”

கொஞ்ச நேரம் பருப்புப்பொடி சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். நியூஜெர்சியில் கடற்கரைப் பக்கம் ஒரு தார் மைதானம் இருக்கிறது. அங்கே முன்பின் தெரியாதவர்கள் ஓட்டுவதை முதலில் பார்த்துப் பழகிக்கொண்டு, அதன் பிறகு கலிபோர்னியா போகலாம் என்றாள். குளத்தில் இறங்குவதற்கு முன் காலை நனைத்துப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. சரி என்றேன்.

சனிக்கிழமை போனோம். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் ஓட்டப்பந்தயக் கோடு போடுவார்களே, அதே நீள்வட்டம். அதற்குத் தார் போட்டு, வளைவுகளை வெளிப்பக்கம் தூக்கிக் கட்டி, சுற்றிலும் கான்கிரீட் சுவர் வைத்தால் அந்த மைதானம். மொத்தச் சுற்றும் அரைக் கிலோமீட்டர் சொச்சம்தான். அதில் இருபது கார்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு சுற்றுகின்றன. எப்போதும் இடது பக்கமே திரும்புகின்றன. காய்ந்த ரப்பர் வாசம் மூக்கில் ஏறியது. டெப்போவில் டயர் எரித்த நாள்கள் ஞாபகம் வந்தன.

எனக்கு அடுத்த சீட்டில் டோனா என்று ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும். மடியில் கம்பளி, கையில் பன்றி இறைச்சி வைத்த பன். கயல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “யார் ஓட்டுகிறார்கள் உனக்கு?” என்று கேட்டார்.

“இங்கே யாரும் இல்லை. கலிபோர்னியாவில் ஒருவர்” என்றாள் கயல்.

டோனா அம்மா கடகடவென்று சிரித்தார். “எனக்குப் புருஷனும் ஓட்டினான், மகனும் ஓட்டுகிறான். முதல் பத்து வருஷம் நான் போய் அந்தக் கழிப்பறைக்குள் நின்றுகொள்வேன். அங்கேயும் சத்தம் கேட்கும். பார்க்காமல் கேட்பது இன்னும் மோசம், பெண்ணே. அதோடு அந்தக் கழிப்பறை நாறும்.”

கயல் முதன்முதலாகச் சிரித்தாள். ஆனாலும் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. ஒரு கார் சுவரில் உரசிக்கொண்டு போனபோது எழுந்துவிட்டாள். டிரைவர் சாவகாசமாக இறங்கிக் கையை ஆட்டியதை அவள் பார்க்கவில்லை. அதற்குள் படிகளில் பாதி தூரம் போயிருந்தாள்.

அடுத்த வாரம் கலிபோர்னியா. சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே டப்ளின் என்கிற ஊரில் கயலின் சிநேகிதி வீட்டில் தங்கினோம். தெருவில் நடந்தால் தமிழும் தெலுங்கும் இந்தியும் காதில் விழுகிற ஊர். சாயந்திரம் பூங்காவில் என்னைப் போல ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள் கூட்டமாக உட்கார்ந்து, குளிரைப் பற்றியும் மருமகள்களைப் பற்றியும் பேசுகிறார்கள். சிநேகிதியின் ஆறு வயதுப் பெண் என்னைப் பார்த்து, “தாத்தா, ஆர் யூ த ரேஸ் கார் தாத்தா?” என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

அன்று மாலையே நவீன் வந்தான். ஸ்வீட் டப்பாவோடு வாசலில் நின்று, “வாங்க மாமா, நல்லாருக்கீங்களா?” என்று அவனே என்னை வரவேற்றுவிட்டு, அது தன் வீடு இல்லை என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். ஒல்லியான பையன், கண்ணாடி போட்டவன். ரேஸ்காரன் என்றால் நான் வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். கை கொடுத்தபோது நகத்தைப் பார்த்தேன். ஓரமெல்லாம் கிரீஸ். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் அது, எனக்குத் தெரியும். சாப்ட்வேர்காரன் கையில் அதைப் பார்த்ததும் ஒரு கணம் தங்கை சொல்லி அனுப்பியது மறந்துபோனது.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். பிக்கப் வண்டியின் பின்னால் டிரெய்லர், டிரெய்லர் மேல் அவன் ரேஸ் கார். நான் நவீனோடு பிக்கப்பில். கயல் சிநேகிதியின் காரில் பின்னால் வந்தாள், வழக்கம் போல வலது ஓரத்தில்.

ஃப்ரீவேயில் ஏறிப் பத்து மைல் போனதும் டிரெய்லரின் டயர் ஒன்று வெடித்தது. நவீன் பதறவில்லை. மெதுவாக ஓரம் கட்டினான். நான் வேட்டியில் இல்லை, பேன்ட்தான், அதனால் அப்படியே மண்டி போட்டு ஜாக்கியை வாங்கினேன். “மாமா, நீங்க விடுங்க” என்றான். “விட மாட்டேன்” என்றேன். பக்கத்தில் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. ஒவ்வொன்றுக்கும் அவன் என் தோளைத் தொட்டு உள்பக்கமாக நகர்த்தினான்.

நட்டு முடுக்கும்போது கவனித்தேன். ஒன்றை முடுக்கி, எதிர்ப்பக்கம் இருப்பதை முடுக்கி, பிறகு அடுத்ததற்கு எதிர்ப்பக்கம். எல்லாம் ஆன பிறகு இன்னொரு முறை சுற்றி வந்தான். டெப்போவில் நான் சேர்த்துக்கொண்ட பையன்களில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை வர வருஷக்கணக்காகும்.

வண்டி கிளம்பியதும் அவனே பேச்சை எடுத்தான்.

“அத்தை என்ன சொல்லி அனுப்பியிருக்காங்கன்னு எனக்குத் தெரியுமுங் மாமா.”

“தெரிஞ்சா பதில் சொல்லு.”

“கயல் நிறுத்துன்னா இந்த வாரமே கார வித்தர்றனுங்க. பொய்யில்ல. ஆனா அவ சொல்ல மாட்டேங்கறா. நானா நிறுத்தறேன்னாலும் வேண்டாங்கறா. நிறுத்துனதுக்கு அவதான் காரணம்னு நான் பின்னாடி நினைச்சுருவேன்னு பயப்படறா.”

“நினைப்பயா?”

கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டான். “தெரியலீங் மாமா. மாட்டேன்னு சொல்லத்தான் ஆசை.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

மைதானம் ஒரு சிற்றூரின் கண்காட்சித் திடலுக்குள் இருந்தது. நம் ஊர் மாட்டுச்சந்தை மாதிரி கொட்டகைகள், நடுவில் களிமண் நீள்வட்டம். தார் மைதானத்தில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணி லாரி ஒன்று சுற்றிச் சுற்றி வந்து மண்ணை நனைக்கிறது. பிறகு ரேஸ் கார்களே வரிசையாக மெதுவாகச் சுற்றி அந்த ஈரத்தை மிதித்துக் கெட்டிப்படுத்துகின்றன. வயல் சேற்றைப் பதப்படுத்துவதுபோல அவ்வளவு பக்குவம் பார்க்கிறார்கள்.

கார்களுக்கு அருகே போக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நவீன் அதைத் தமிழில் சொன்னான். உள்ளே அடிபட்டாலோ செத்துப்போனாலோ யாரும் பொறுப்பில்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேனாம். போட்டேன். கயல் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், பேனாவைத் தொடவில்லை. “நீங்க போங்க மாமா. நான் பார்க்கிங்ல கார்லயே இருக்கறேன்” என்று திரும்பிவிட்டாள்.

நவீனின் கூட்டாளி ஹெக்டர் காத்திருந்தார். வெல்டர். மெக்சிகோவில் பிறந்தவர். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் சரிக்குச் சரி என்பதால் நன்றாகப் பேச முடிந்தது. காரைச் சுற்றிக் காட்டினார். பழைய வீட்டுக் கார்தான். கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டு வைத்து மூடி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாகத்தான் டிரைவர் ஏறி இறங்க வேண்டும். வலப்பக்கப் பின் டயர் இடப்பக்கத்து டயரைவிடப் பெரியது. அப்போதுதான் கார் தானாகவே இடது பக்கம் சாயும். என் சர்வீஸில் இரண்டு பக்கமும் வேறு வேறு டயர் போட்டிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள். நான் அந்த டயர்களை இரண்டு முறை சாண் வைத்து அளந்து பார்த்தேன்.

ரேஸ் தொடங்கும்போது வெயில் இன்னும் இருந்தது. பசிக்கிறது என்று கடைக்குப் போனால் எல்லாவற்றிலும் மாட்டுக்கறி. கடைசியில், வறுத்த உருளைக்கிழங்கின் மேல் பூண்டை நறுக்கித் தூவிக் கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டே வேலியோரம் நின்றேன். பச்சைக்கொடி விழுந்ததும் பதினான்கு கார்கள் ஒன்றாக உறுமின. வளைவில் எல்லாம் பக்கவாட்டில் சறுக்கின. இடது பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கிறார்கள். ஈரமண் உருண்டைகள் பறந்து வந்து என் சட்டையில் ஒட்டின. என்னை அறியாமல் நான் கத்திக்கொண்டிருந்தேன். நவீனின் கார் ஏழாவதாக இருந்தது, பிறகு ஆறாவது.

ஐந்தாவது சுற்றோ ஆறாவது சுற்றோ, தூர வளைவில் முன்னால் போன கார் ஒன்று சுழன்று குறுக்கே நின்றது. நவீன் ஒதுங்கப் பார்த்தான். அவன் முன் சக்கரம் அதன் சக்கரத்தில் ஏறியது. கார் எழும்பி, ஒரு முழுச் சுற்றுப் புரண்டு, புழுதிக்குள் விழுந்தது.

சிவப்புக்கொடி. எல்லாக் கார்களும் அங்கங்கே நின்று என்ஜினை அணைத்தன. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியை என்னால் சொல்ல முடியவில்லை. ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள், ஒரு இருமல் கேட்கவில்லை. ஹெக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வலை, வலை” என்றார். டிரைவரின் ஜன்னலில் கை வெளியே வராமல் இருக்க ஒரு வலை கட்டியிருப்பார்கள். டிரைவர் நினைவோடு இருந்தால் முதல் வேலையாக அதை அவிழ்த்து இறக்குவாராம். தான் உயிரோடு இருப்பதை வெளியே சொல்வதற்கு.

புழுதி அடங்கியது. வலை அப்படியே இருந்தது. நான் என் மச்சானை நினைத்தேன். இந்த வயதில் கடவுளிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒரு கை தெரிந்தது. வலை சரிந்து விழுந்தது.

கூட்டம் கைதட்டியபோது நான் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். எதிரே கயல் ஓடி வந்தாள். செருப்பு ஒன்றைக் காணோம். வாசலில் சீட்டுக் கிழிக்கும் பெண் அவளிடம் எதுவும் கேட்காமல் ஒதுங்கி நின்றாள்.

“சத்தம் நின்னுருச்சு மாமா. எல்லாச் சத்தமும் நின்னுருச்சு.”

“நல்லா இருக்கறான். கை ஆட்டுனான். நானே பாத்தேன் கண்ணு.”

அவள் என்னை நம்பவில்லை. ஆம்புலன்ஸில் உட்காரவைத்து நவீனின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பதைத் தூரத்தில் நின்று பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள். பரிசோதித்து முடிக்க அரை மணி ஆகும் என்றார்கள். டிரெய்லரின் பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

அங்கே வைத்து, இருபத்தொரு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன்.

“உங்கப்பா போறதுக்கு மூணு நாளைக்கு முந்தி டெப்போவுக்கு வந்தாரு. வண்டிய நான் ஓட்டிப் பாத்தேன். பின் பிரேக் ஷூ தேஞ்சிருந்துச்சு. அரை மணி நேர வேலை. ஷிப்டு மாறற நேரம், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க மச்சான், மாத்தீரலாம்னேன். வெள்ளிக்கிழமை போயிட்டாரு.”

கயல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரேன் வண்டி நவீனின் காரைத் தூக்கிக்கொண்டு வந்தது.

“லாரி எதுத்தாப்ல ராங் சைடுல வந்துச்சு மாமா.”

“வந்துச்சு. ஆனா பிரேக் நல்லா புடிச்சிருந்தா...”

“நின்னிருக்கலாம். நிக்காமயும் போயிருக்கலாம். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்க எப்ப வீட்டுக்கு வந்தாலும் மொதல்ல என் சைக்கிள் பிரேக்கப் புடிச்சுப் பாப்பீங்க. காப்பிகூட அப்புறந்தான். ஏன்னு இப்பத்தான் தெரியுது.” என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தாள். ஒவ்வொரு பொட்டாக எடுத்தாள். நான் அழுதேன். அவள் பார்க்காதது போல மண்ணை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

நவீன் தோளில் ஐஸ் பையோடு நடந்து வந்தான். “கயல், இதோட விட்டுடறேன்” என்றான், உட்காருவதற்கு முன்பே.

என் முன்னால் எப்போதும் அவனை ‘நீங்க’ என்று பேசுகிறவள், அன்று மறந்துவிட்டாள். “நீ விட வேண்டாம். நான் ஒவ்வொரு வாரமும் வீட்ல உட்காந்து உன்னோட ‘டன்’ எப்ப வரும்னு காத்துட்டு இருந்திருக்கேன். இனி உள்ள வந்து பாக்கறேன். பாத்துட்டு, என்னால முடியாதுன்னா நானே சொல்றேன். நான் சொல்லித்தான் நிறுத்துனன்னு நீ நினைச்சாலும் பரவால்ல. அது என் பாடு.”

அவன் தலையாட்டினான். பிறகு, “உன் இன்னொரு செருப்பு எங்க?” என்று கேட்டான்.

சரஸ்வதிக்கு நான் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கார் புரண்டதையும் சொன்னேன். நான் நிறுத்தச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். “உங்களப் போயி அனுப்புனேன் பாருங்க” என்று போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஹெக்டரின் ஷெட்டில் இருந்தேன். நசுங்கிய தகரத்தை அவர் வெட்டி எடுத்தார், கூண்டின் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பார்த்துத் திரும்ப வெல்டு வைத்தார். நான் காருக்கு அடியில் கிடந்தேன். ஓய்வு பெற்ற பிறகு முதுகு அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. மத்தியானம் ஹெக்டரின் மனைவி சோள மாவுக்குள் கோழிக்கறி வைத்து, சோளத் தோகையில் சுற்றி அவித்துக் கொடுத்தனுப்புவார். தமாலே என்றார். நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. ஏழு தின்றேன்.

கயல் மெயில் பார்த்தபடி ஷெட் மூலையில் உட்கார்ந்திருப்பாள். வேலை முடிந்ததும் நவீன் வருவான், ஒற்றைக் கையால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். டாக்டர் பார்த்து ஓட்டலாம் என்று சொன்னால்தான் ஓட்டுவது என்று கயல் போட்ட நிபந்தனை. வியாழக்கிழமை டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சரஸ்வதிக்கு மறுபடி போன் போட்டேன். கயலின் போனிலிருந்து போட்டதால் எடுத்தாள். கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை. பிரேக்கைப் பற்றிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, டெப்போ, அரை மணி நேர வேலை, எல்லாம்.

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியுமுங்கண்ணா” என்றாள். “அன்னிக்கு ராத்திரியே அவரு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை மச்சான் மாத்தித் தர்றேன்னாரு, கறி எடுக்கலாம், அப்படியே சாப்பிட்டுப் போகட்டும்னு.”

“தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீங்க எங்கூட்டுக்கு வர்றத நிறுத்தியிருப்பீங்க. எனக்கும் கயலுக்கும் அப்ப வேற யாரு இருந்தா?”

ஹெக்டர் வெல்டிங்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன், ஒன்றுமில்லை என்று. சரஸ்வதி, “சாப்புடுங்க நேரத்துக்கு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை கயல் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். மரப்பலகைப் படிகளில் எனக்கும் ஹெக்டரின் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஹெக்டரின் மனைவி ஒரு பெரிய பொட்டலம் தமாலேயைப் பிரித்து மடியில் வைத்துவிட்டு, கயலின் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். கார்கள் மெதுவாகச் சுற்றி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தன. நவீனின் கார் ஒரு பக்கம் வெள்ளை, புதுத் தகரம் போட்ட பக்கம் வெறும் சாம்பல் நிறம். பெயின்ட் அடிக்க நேரமில்லை.

அப்போது என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. ஊரில் அப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. சரஸ்வதி தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு அடுக்களையில் நின்றாள். பின்னால் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. நான் போனைக் கயலிடம் கொடுத்தேன். கயல் அதைத் திருப்பி மைதானத்தைக் காட்டினாள்.

பச்சைக்கொடி விழுந்தது. சத்தம் எழும்பியது. கயல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடவில்லை. பதினான்கு கார்களும் ஒரே கொத்தாக முதல் வளைவுக்குள் நுழைந்து, பக்கவாட்டில் சறுக்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் முன்னால் கடந்து போயின.

அந்த இரைச்சலுக்கு மேல் என் தங்கையின் குரல் போனிலிருந்து கத்தியது.

“ஒண்ணும் தெரியலியே புள்ள! நல்லாக் காட்டு! அதுல நம்ம வண்டி எது?”